கருங்கண்ணியின் வலது கால்

அத்தியாயம் 14

அடுத்த வீட்டுப் பத்திரகாளி ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால், அந்த வீட்டில் பால் திரிவதற்கு எலுமிச்சம்பழம் தேவையே இல்லை. போன வாரம் அவள் வந்து உட்கார்ந்தது வெயிலுகந்தம்மாளின் அடுப்படியில்.

"உம் மக குதிரைமேல இருக்க படம் பேப்பர்ல வந்தாலும் வந்துச்சு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இருந்து கடம்பூர் ரயில்வே கேட்டு வரைக்கும் அத்தன கண்ணும் அந்தக் குதிரை மேலதான் கெடக்கு. பெங்களூருக்குப் போகப்போற சீவன். நீ என்னட்டி, ஒரு கறுப்புக் கயிறுகூடக் கட்டாம மொட்டையா நிறுத்திருக்கே?"

அவ்வளவுதான் சொன்னாள். வெயிலுகந்தம்மாளுக்குத் தூக்கம் போனது.

கண் படாமலிருக்க, கரிசல்காட்டில் தொட்டிலிலும் மாட்டுக் கழுத்திலும் சேங்கொட்டை கட்டுவார்கள். சலவைக்காரர்கள் துணியில் குறிபோடுகிற அதே கறுப்புக் கொட்டைதான். காய்ந்து கிடக்கும்வரை சாது. நசுங்கிப் பால் கசிந்தாலோ, பட்ட தோலைப் பொத்துப் புண்ணாக்கிவிடும். நாட்டுமருந்துக் கடையில் ஒன்றே ஒன்று வாங்கினாள். கழுத்தில் கட்டினால் மகள் பார்ப்பாள். பார்த்தால் வீடு ரெண்டாகும். அதனால் நேற்று ராத்திரி விரல்களில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, குதிரையின் இடது முன்னங்காலில் ராத்திரிக்குச் சுற்றுகிற துணிக்கட்டுக்குள்ளே அதைச் செருகிவைத்தாள். அந்தக் கட்டு காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று சுற்றுவது. அதற்குள்ளே நெருப்பை வைத்துக் கட்டிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தாள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. குதிரை டாக்டர் வருகிற நாள்.

அவர் வருவதற்குள் கொட்டையை எடுத்துவிட வேண்டும் என்று வெயிலுகந்தம்மாள் சேவலுக்கு முன்னால் எழுந்தாள். சேவலுக்கு அது பெரிய அவமானமாகப் போய், அன்றைக்கு அது கூவவே இல்லை.

கொட்டகையில் கருங்கண்ணி நின்ற நிலை சரியில்லை. கருங்கண்ணி என்பது இந்தக் காட்டில் விளைகிற ஒரு பருத்தியின் பெயர். குதிரை வந்த அன்றே வெயிலுகந்தம்மாளின் கணவர் பெருமாள்சாமி வைத்த பெயர் அது. எப்போதும் இவளைக் கண்டால் சேலை முந்தியில் கடலைமிட்டாய் இருக்கிறதா என்று மூக்கை விட்டுத் துழாவுகிற குதிரை, இன்று காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒரு முன்னங்காலிலிருந்து மறு முன்னங்காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றது.

"என்ன தாயி? அம்மாதான்," என்று சொல்லிக்கொண்டே குனிந்து, இடது காலின் கட்டைப் பிரித்தாள்.

கொட்டை நசுங்கியிருந்தது. அது இருந்த இடத்தில் மயிர் உதிர்ந்து, எட்டணா அளவுக்குத் தோல் பொத்து, நீர் கோத்து நின்றது. சுற்றிலும் கறுப்புக் கறை.

கொட்டையை முந்தியால் பிடித்துக் குப்பைக் குழிக்குள் எறிந்தாள். புளியிலையைக் கசக்கிப் பிழிந்தாள், தேங்காயெண்ணெயைத் தடவினாள், குலசாமியைக் கூப்பிட்டாள். அதற்குள் வீட்டுப்பக்கம் பெருமாள்சாமி இருமுகிற சத்தம் கேட்கவே, பழையபடி கட்டைச் சுற்றிவிட்டு ஓடிவந்தாள்.

வலது காலை அவள் பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது? அவள் வைத்தது ஒன்றுதானே.

*

காபி குடிக்கிறபோது பெருமாள்சாமியின் வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. டம்ளரை இடது கையில் பிடித்திருந்தார்.

"கையில என்னங்க?"

"வேலிமுள் கிழிச்சிட்டு. ஒண்ணுமில்ல."

வேறொரு நாளாக இருந்தால் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து மல்லுக்கு நின்றிருப்பாள். இன்று அவள் வயிற்றில் இருந்த முள்ளே பெரிதாக இருந்தது.

பெருமாள்சாமி ஒரு காலத்தில் குதிரைவண்டிப் பந்தயச் சாரதி. ஓட்டப்பிடாரம் பக்கம் அவர் வண்டியைக் கிளப்பினால், அவர் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அவர் கிளப்பின புழுதி ஊருக்குள் வந்து சேரும் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் பந்தயத்தை அடியோடு விட்டுவிட்டு, இந்த இரண்டு வருஷமாக மகளின் குதிரைக்குச் சாணி அள்ளுகிறார்.

மகள் சத்யபிரியா காலையிலேயே கையுறையை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோல்களை ஊன்றி வந்து உட்கார்ந்தாள். பிறக்கும்போது மூச்சு வரக் கொஞ்சம் தாமதமானதில் இரண்டு கால்களும் விறைத்துப்போனவள். கோயம்புத்தூரில் கால்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று குதிரைமேல் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. மற்றவர்கள் குதிகாலால் குதிரையை அணைத்து வழிநடத்துவார்கள். இவளுக்கு அதற்கு இரண்டு கையிலும் இரண்டு நீளப் பிரம்பு. லேசாகத் தொட்டால் போதும், கருங்கண்ணி திரும்பும், நிற்கும், பக்கவாட்டில் நடக்கும். பெங்களூரில் நடக்கப்போகும் மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேசப் போட்டியில் செய்துகாட்ட வேண்டியதும் அதுதான். ஓட்டமில்லை, தாண்டலில்லை. நடை. நடையின் அழகுக்கு மார்க்.

அவள் ஓட்ஸ் கஞ்சியை ஸ்பூனால் குடிப்பதைப் பெருமாள்சாமி வழக்கம்போல வேடிக்கை பார்த்தார். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீமைக்கூட விரலால் வழித்துச் சாப்பிட்டு, ரசத்தை உள்ளங்கையில் குளம் கட்டி உறிஞ்சுகிறவர் அவர்.

"ஸ்பூனு எதுக்குட்டி? ஆஸ்பத்திரியில சாகக் கெடக்கவனுக்குல்லா அது."

"எப்பா, பெங்களூர்ல ஓட்டல்ல வந்து கையால நூடுல்ஸ் அள்ளுனீயன்னா, நான் யாரோ நீங்க யாரோன்னு சொல்லிருவேன்."

"சொல்லிக்கோ. கருங்கண்ணி காட்டிக்குடுத்துரும்."

சிரித்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சிரித்தது அதுதான் கடைசி.

*

டாக்டர் கார்த்திகேசன் போட்டிக்குத் தேர்வான குதிரைகளை ஊர் ஊராகப் போய்ப் பரிசோதிக்கிறவர். காரை விட்டு இறங்கியதும் காட்டைப் பார்த்து மலைத்து நின்றார். உளுந்து எடுத்து முடித்த கரிசல் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பில் ஒரு ஆட்டுக்குட்டி தவறி விழுந்தால் அடுத்த நாள் அமெரிக்காவில் மேயும். அந்த மண்ணின் நடுவே செம்மண் கொட்டிச் சமப்படுத்திய ஒரு நீளச் சதுரம். நாலு பக்கமும் எண்ணெய் டின்கள் நின்றன. டின்களில் ஏ, கே, ஈ, ஹெச் என்று வெள்ளை எழுத்துகள். குதிரை எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம்.

"ஏபிசிடி கூட வரிசையா எழுதத் தெரியாதவன்தான் இதக் கண்டுபிடிச்சிருக்கான் டாக்டர்," என்றார் பெருமாள்சாமி.

டாக்டர் புன்னகைத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெயிலுகந்தம்மாளுக்கு அதுவே பயமாக இருந்தது. மோசமான மனிதரென்றால் கெஞ்சலாம். நல்ல மனிதரிடம் என்ன செய்வது?

"குதிரையை நடத்திக் காட்டுங்க."

பெருமாள்சாமி இடது கையில் கயிற்றைப் பிடித்துக் கருங்கண்ணியை நடத்தினார். சத்யபிரியா தொப்பியும் கையுறையுமாக, வேலிக் கம்பைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

வலது முன்னங்கால் உயர்ந்தது. கங்குமேல் வைத்துவிட்டு எடுப்பது மாதிரி, வெடுக்கென்று, முழங்கால் மார்பைத் தொடுகிற உயரத்துக்கு.

"பாத்தீயளா டாக்டர்! என்னமா தூக்குது!" என்றார் பெருமாள்சாமி.

சத்யபிரியாவின் முகமும் ஒரு கணம் மலர்ந்தது. கோயம்புத்தூர்ப் பயிற்சியாளர் காவியா மாசக்கணக்காக வீடியோவில் சொல்லிச் சொல்லி அலுத்த குறை அது. 'வலது கால் சோம்பேறிக் கால், பிரியா. இழுத்துட்டு வருது. அதுலதான் மார்க் போகப் போகுது.' ஸ்பீக்கரில் வருகிற அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆனால் மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவளுக்கு அந்தக் குதிரையின் நடை தன் மூச்சு மாதிரி தெரியும்.

"சார், இது அவ நடை இல்ல," என்றாள்.

"ஆமா," என்றார் டாக்டர். "நிறுத்துங்க. கால் கட்டு ரெண்டையும் பிரிக்கணும்."

பெருமாள்சாமி குனியவில்லை. டாக்டரே மண்ணில் மண்டியிட்டுப் பிரித்தார். இடது காலைப் பார்த்தார். வலது காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

டாக்டர் எழாமலே மகள் பக்கம் திரும்பினார்.

"சத்யபிரியா, நான் சுத்தி வளைக்கல. வெளிநாட்டுல சில இடங்கள்ல இப்படிச் செய்வாங்க. முன்னங்கால்ல தோல் வேகுற மருந்தைத் தடவி, மேல கட்டுப் போட்டுருவாங்க. நடக்கும்போது உரசும். வலிக்குப் பயந்து குதிரை காலை உயர உயரத் தூக்கும். பார்க்கிறவங்களுக்கு அழகு. போட்டியில இதைவிடக் கேவலமான குத்தம் கிடையாது."

"எங்க வீட்டுல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க சார்." அவள் குரல் கம்பீரமாகத்தான் வந்தது. வேலிக் கம்பை இன்னொரு கையாலும் அவள் பற்றிக்கொண்டதை வெயிலுகந்தம்மாள் பார்த்தாள்.

ஒரு தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, நாந்தான். கண்ணு படக்கூடாதுன்னு ஒரு சேங்கொட்டைய உள்ள வச்சுக் கட்டுனேன். நசுங்கும்னு நெனைக்கல. காலைத் தூக்குறதுக்கில்ல ஐயா, சாமி சத்தியமா. கண்ணேறுக்குத்தான்."

சத்யபிரியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை பட்டு வேலியில் இருந்த கருவேல இலை கருகியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

டாக்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சேங்கொட்டை. சரி. எங்க பாட்டி ஊர்லயும் கட்டுவாங்க. இடது கால்ல கொட்டை அளவுக்கு வட்டமாத்தான் பொக்குளம் இருக்கு. புரியுது. வலது கால்ல?"

"வலது கால்ல நான் ஒண்ணும் வைக்கலையே," என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. "இல்ல ஐயா. மறந்துட்டேன். ரெண்டுலயும் நாந்தான் வச்சேன்."

வெயிலுகந்தம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. கத்திரிக்காய்க்காரியிடம் 'போன வாரம் விலை கம்மி' என்று சொல்லப் போய், நாக்குக் குழறி, கூடக் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். டாக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"அம்மா, கொட்டையைச் செருகினா வட்டமா வரும். இது வட்டமில்ல. மேலிருந்து கீழ விரலால இழுத்த கோடு. பாலை எடுத்துத் தடவியிருக்காங்க. வெறுங்கையால தடவியிருந்தா அந்த விரலும் இந்நேரம் இதே கதிதான். கத்திரிக்காயாட்டம் வீங்கியிருக்கும்."

"நான் தண்ணி காட்டிட்டு வாரேன்," என்று பெருமாள்சாமி குதிரையைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். தலைகுனிந்து நொண்டிக்கொண்டு போனது கருங்கண்ணி. இப்போது அது எந்தக் காலையும் உயரத் தூக்கவில்லை.

டாக்டர் பெட்டியை மூடினார். "விதி என்னன்னா, குதிரைக்கு யார் என்ன செஞ்சாலும் பதில் சொல்ல வேண்டியது ஓட்டுறவங்கதான். அம்மா செஞ்சாலும் சரி, அடுத்த வீட்டுக்காரர் செஞ்சாலும் சரி. இது விபத்துன்னா ஒரு வழி இருக்கு. புண் ஆறினதும் மறுபடி வந்து பார்க்குறேன், போட்டிக்குள்ள ஆறிடும். வேணும்னே செஞ்சதுன்னா வழியே இல்ல. இந்தப் போட்டி மட்டுமில்ல, இனிமே எந்தப் போட்டியும் இல்ல."

"சார்..."

"சாயங்கால ரயில்ல கிளம்புறேன். அதுவரைக்கும் கோவில்பட்டி லாட்ஜுலதான் இருப்பேன். இடது காலுக்கு என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும். வலது காலுக்கு நீங்கதான் வந்து சொல்லணும். யாரும் வரலைன்னா, எனக்குத் தெரிஞ்ச வார்த்தையைத்தான் எழுதுவேன்."

கார் போனது. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது.

*

"எம்மா."

"தாயி..."

"தரையில எனக்கு இந்த ரெண்டு கம்பு. மேல ஏறுனா அவ காலு நாலு. எங்கூட உருப்படியா இருந்தது அந்த நாலு காலுதாம்மா. அதுல ரெண்டைப் பொசுக்கிட்டியே."

"ஒண்ணுதான் தாயி," என்றாள் வெயிலுகந்தம்மாள். சொன்னபோது அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே தெரிந்தது.

சத்யபிரியா ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெயிலுகந்தம்மாள் முதலில் சந்தேகப்பட்டது பத்திரகாளியை. அவளைச் சந்தேகப்படுவதில் ஒரு சுகம்கூட இருந்தது. நேரே வேலிக்குப் போனாள்.

"ஏளா பத்திரகாளி, இங்கன வா. கையை நீட்டு."

"எதுக்குட்டி? கடம்பூர்ப் போளி கிடைச்சிருக்கோ?" என்று இரண்டு கையையும் ஆசையாக நீட்டினாள் பத்திரகாளி. பத்து விரலும் கொழுகொழுவென்று, ஒரு கீறல் இல்லாமல், மருதாணிச் சிவப்போடு இருந்தன. அந்தக் கை அடுத்த வீட்டு வேலையென்று ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. கெடுதல் செய்ய அவளுக்கு வாயே போதும், கை தேவையில்லை.

"போளி இல்ல. போ."

திரும்பி நடக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். பாம்பு மாதிரி வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

காலையிலிருந்து கையுறையைக் கழற்றாதது யார்?

மார்க் போகும் மார்க் போகும் என்று தூக்கத்தில்கூடப் புலம்பியது யார்? கொட்டகைக்கு எந்த நேரமும் போகிற உரிமை யாருக்கு? 'இது அவ நடை இல்ல' என்று முதலில் முந்திக்கொண்டு சொன்னது யார்? ஆசை ஒரு மனுஷியை எதுவரைக்கும் கொண்டுபோகும்? இருபத்துநாலு வருஷம் மற்றவர் நடப்பதை உட்கார்ந்து பார்த்தவள் இவள்.

'சீ' என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் கால் மகளின் அறைக்குத்தான் போனது.

சத்யபிரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தொப்பி மடியில் இருந்தது. கையுறை கையிலேயே இருந்தது.

"பிரியா, கை வேர்க்கலையா தாயி? அதக் கழத்தேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிவதை அந்த முகத்தில் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வெயிலுகந்தம்மாள் அந்தக் கரிசல் வெடிப்பில் எதிலாவது இறங்கிப் போயிருக்கலாம்.

சத்யபிரியா கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஒன்று. இன்னொன்று. இரண்டு கையையும் அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. ஊன்றுகோல் அழுத்திய தழும்பு. பிரம்பு உரசிய கோடு. பொக்குளம் ஒன்றுகூட இல்லை.

"நல்லாப் பாத்துக்கோ. திருப்பிக் காட்டட்டா?"

"வேண்டாம் தாயி..."

"இல்ல, பாரு. பெங்களூர்ல வெள்ளைக்காரன் சந்தேகப்படுவான், நாம பதில் சொல்லிக்கிடலாம்னு நெனச்சுட்டிருந்தேன். வீட்டுலயே முதல்ல கேட்டாச்சு. நல்லது."

"என்ன மன்னிச்சிரு."

"சோத்தப் போடு போ. அப்பாவுக்குப் பசிக்கும். நான் வந்து அவியகிட்ட பேசணும். அவியளுக்குத் தெரியாம கொட்டகைக்குள்ள ஒரு ஈ நுழைய முடியாது. யாரு வந்தான்னு அவியதான் சொல்லணும்."

*

கத்திரிக்காய்க் குழம்பு. காலையில் வைத்தது. காலையில் அது வெறும் குழம்பாகத்தான் இருந்தது.

பெருமாள்சாமி கொட்டகையிலிருந்து வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரே காலையில் பத்து வயது கூடியிருந்தது. தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். கொட்டகையில் கருங்கண்ணி கனைப்பது கேட்டது. வலியில் கனைத்தால் குரல் வேறு மாதிரி இருக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சாப்பிடுங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு சுற்றிய வலது கை மடியில் கிடந்தது. ஈ ஒன்று வந்து சோற்றில் உட்கார்ந்தது. அவர் இடது கையால் விரட்டினார்.

"ஏட்டி..."

"என்னங்க?"

"ஸ்பூனு ஒண்ணு இருந்தா எடேன்."

வெயிலுகந்தம்மாள் எழுந்து போய், மகளின் ஓட்ஸ் ஸ்பூனை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். கையில் இருந்தது ஒரு சின்ன ஸ்பூன்தான். ஆட்டுரல் குழவியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி கனத்தது.

அவர் இடது கையை நீட்டினார்.

"அந்தக் கையில்ல," என்றாள். "மத்தக் கை."

பெருமாள்சாமி மறுக்கவில்லை. துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் கறுத்து, பளபளவென்று வீங்கி, நீர் கோத்து நின்றன. குழம்பில் கிடந்த காய்க்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

"ராத்திரி கொட்டகைய நோட்டம் பாக்கப் போனேன். உன் கொட்டை கட்டுல துருத்திக்கிட்டிருந்துச்சு, பால் கசிஞ்சு நின்னுச்சு," என்றார், தரையைப் பார்த்தபடி. "அப்பதான் பழைய புத்தி வந்துச்சு. பந்தயக் காலத்துல ஒருத்தன் செஞ்சு பாத்திருக்கேன். ஒரு நாள் எரிஞ்சா போதும், காலு தூக்கப் பழகிக்கிடும், பெறகு ஆறிரும்னு... ஆறிரும்னுதான்ட்டி நெனச்சேன். அந்தக் காலு ஒண்ணுக்காக எம் புள்ள தோத்துரக் கூடாதுல்லா."

"உண்மைய டாக்டர்கிட்ட சொன்னா?"

"வேணும்னே செஞ்சதுதானே. முடிஞ்சுபோச்சு."

"சொல்லாட்டி?"

சாயங்கால ரயில் இன்னும் வரவில்லை. ஆனால் அது தண்டவாளத்தில் எங்கேயோ கிளம்பிவிட்டது.

உள்ளறையில் ஊன்றுகோல் சத்தம் எழுந்தது. டக். டக். மகள் வருகிறாள், அப்பாவிடம் பேச.

வெயிலுகந்தம்மாளுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. குனிந்து, துண்டை வாரி அவர் கைமேல் போட்டு மூடினாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சத்யபிரியா நிலைப்படியில் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்தாள்.

"யாருக்கும்மா ஸ்பூனு?"

"எனக்குத்தான் தாயி. கை எரியுது. காலையில கொட்டைய எடுத்தேன்லா."

கத்திரிக்காய்க்காரியிடம்கூடச் செல்லாத நாக்கு. வாழ்நாளில் முதல்முறையாகத் தடுமாறாமல், எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது பொய். சொல்லிவிட்டு, சோற்றை ஸ்பூனால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள்.

சத்யபிரியா அம்மாவைப் பார்க்கவில்லை. சாப்பிடுகிற நேரத்தில், தட்டில்லாமல், கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.